எடுத்தால் ஒன்று வைக்க வேண்டும்

நோட்டில் எல்லாப் பெயர்களும் ஜோடி ஜோடியாகத்தான் இருந்தன. அதில் ரெஹானாவுக்கு வித்தியாசமாக ஒன்றும் படவில்லை. எந்தப் பெட்டியைக் கண்டுபிடித்தாலும் அவளும் அஷ்ரப்பும் கூட இரண்டு பெயரையும் சேர்த்தேதான் எழுதுவார்கள். ஆனால் இந்த நோட்டில் ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு பெயர் அடிக்கப்பட்டிருந்தது. ஒரு வரி தப்பவில்லை. சில வரியில் ஆண் பெயர், சில வரியில் பெண் பெயர். எழுதிய மை வேறு, அடித்த மை வேறு.

“சண்டை போட்டுப் பிரிஞ்சவுகளா இருக்கும்” என்று அஷ்ரப் சிரித்தான்.

“பிரிஞ்சவுக பேரை யாரு மச்சான் அடிக்கிறா? செத்தவுக பேரைத்தேன் ரேஷன் கார்டுல இப்படி அடிப்பாக.”

ஒரு பேச்சுக்குத்தான் சொன்னாள். அந்த வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம் என்று அடுத்த ஐந்து நாளில் அவள் எத்தனை தடவை தன்னைத் திட்டிக்கொள்ளப் போகிறாள் என்பது அப்போது அவளுக்குத் தெரியாது.

அஷ்ரப் துபாயில் ஏ.சி. கம்பெனி ஒன்றின் ஸ்டோரில் வேலை பார்த்தான். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இரண்டு மாதம் லீவு. போன லீவுக்கு வந்தபோதுதான், கூட வேலை பார்க்கும் பிலிப்பைன்ஸ்காரன் கற்றுக்கொடுத்தான் என்று இந்த ஜியோகேஷிங் விளையாட்டையும், கையகல மஞ்சள் ஜி.பி.எஸ். ஒன்றையும் கொண்டுவந்தான். விளையாட்டு சின்னப் பிள்ளைகள் ஆடுவதுதான். யாரோ ஒருவர் எங்கோ ஒரு பெட்டியை ஒளித்துவைத்து, அந்த இடத்தின் எண்களை இன்டர்நெட்டில் போட்டுவிடுவார். மற்றவர்கள் எண்களைக் கருவியில் ஏற்றித் தேடிப் போவார்கள். பெட்டிக்குள் ஒரு நோட்டு இருக்கும், கையெழுத்துப் போட வேண்டும். சில்லறைச் சாமான்கள் கிடக்கும், பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம். எடுத்தால் அதற்கு ஈடாக ஒன்று வைக்க வேண்டும். மூடியை அழுத்தி மூடி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வர வேண்டும். அவ்வளவுதான் சட்டம்.

உத்தமபாளையம் வீட்டில் ரெஹானாவுக்குப் புருஷன் கிடைத்ததே இந்த விளையாட்டால்தான். லீவு முழுக்க மாமியார் அம்சத் பீவி மகனை முந்தானையில் முடிந்துவைத்திருப்பாள். விருந்தும் வருகிற சனமுமாக நாள் போய்விடும். பெட்டி தேடப் போகிறோம் என்று பைக்கில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அவன் அவளுடையவன். குமுளியில் மூன்று பெட்டி, மேகமலையில் ஒன்று என்று தேடிப் பிடித்தார்கள். தேனியில் பேங்கில் வேலை பார்க்கும் சண்முகராஜும் அவன் மனைவி ஓவியாவும் இதே பைத்தியம் என்று தெரிந்தபோது நாலு பேரும் கூட்டாளிகள் ஆனார்கள். இவர்கள் ஒளித்ததை அவர்கள் தேடுவார்கள், அவர்கள் ஒளித்ததை இவர்கள் தேடுவார்கள், தோற்றவர் வீட்டில் பிரியாணி. பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து அஷ்ரப் இன்டர்நெட்டில் ‘கம்பம் ஜோடி’ என்று பெயர் பதிந்தபோது ரெஹானாவுக்கு நிக்காஹ் அன்றுகூட வராத சந்தோஷம் வந்தது. அந்தச் சந்தோஷத்தை விட்டுக்கொடுக்க அவள் தயாராக இல்லை. கதைக்கு அதுதான் முக்கியம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, 2009 ஆடி மாதம், சண்முகராஜ் புதிதாக ஒளித்த பெட்டியைத் தேடித்தான் வந்தார்கள். அஷ்ரப் அடுத்த ஞாயிறு கொச்சியில் விமானம் ஏற வேண்டும். லீவில் இதுதான் கடைசிப் பெட்டி. ஜி.பி.எஸ்ஸில் பேட்டரி மாற்றியதில் பழைய செட்டிங் எல்லாம் போய்விட்டிருந்தது. எண்களை ரெஹானாதான் அழுத்தினாள். ஆனைமலையான்பட்டிக்கு மேற்கே மண்பாதையில் கொண்டுபோய், கைவிடப்பட்ட ஒரு திராட்சைத் தோட்டத்துக்குள் அம்புக்குறி அவர்களைத் திருப்பியது.

வெளியே ஆடிக்காற்று தென்னைகளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது. பந்தலுக்குள் குனிந்து நுழைந்ததும் காற்று நின்றுவிட்டது. குறைந்தது என்று சொல்ல முடியாது, நின்றேவிட்டது. வரிசை வரிசையாகக் கல்தூண்கள், தலையை இடிக்கும் உயரத்தில் துருப்பிடித்த கம்பி வலை, அதில் காய்ந்து முறுக்கிக்கொண்ட கொடிகள், எப்போதோ தெளித்த மயில்துத்த மருந்தின் கசந்த வாடை, அதற்கு அடியில் அழுகிப் புளித்த பழத்தின் வாடை. பழம் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. ஒரு ஈ இல்லை. கடைசித் தூணின் அடியில், ஈர மண்ணில் பாதி புதைந்து, அந்த எவர்சில்வர் தூக்குவாளி இருந்தது.

காலையிலிருந்து சாரல். மண் சொதசொதவென்று கிடந்தது. தூக்கை எடுத்தபோது அதில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. வெதுவெதுப்பாக இருந்தது, இவ்வளவு நேரம் யாரோ மடியில் வைத்திருந்து இப்போதுதான் இறக்கிவைத்த மாதிரி.

உள்ளே நோட்டு. பல் உடைந்த சீப்பு, ஒற்றை மெட்டி, ஒரு கண் மட்டும் இருந்த மூக்குக்கண்ணாடி, பித்தளைச் சுண்ணாம்பு டப்பி. ரெஹானாவுக்கு எதையும் தொடப் பிடிக்கவில்லை. அஷ்ரப் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, திருப்பி வைத்து, நிதானமாகக் கிளறிச் சுண்ணாம்பு டப்பியை எடுத்துக்கொண்டான். ஈடாகப் பைக் சாவியில் தொங்கிய பித்தளை ஒட்டகத்தைக் கழற்றி வைத்தான். துபாயில் இரண்டு திர்ஹாமுக்கு வாங்கியது. அவனுடைய பச்சை மைப் பேனாவால் எழுதினான்: அஷ்ரப் – ரெஹானா, உத்தமபாளையம், 19.7.2009. மேல் வரியில் இருந்தது: ராஜமணி – பாண்டியம்மாள், பழனிசெட்டிபட்டி. அதில் பாண்டியம்மாள் அடிக்கப்பட்டிருந்தாள்.

சாயங்காலம் ஓவியா போன் செய்தாள். அவர்கள் வைத்தது பிளாஸ்டிக் டப்பாவாம், வாய்க்கால் கரையில் புளியமரத்துக்குக் கீழே. யாரும் தொடவில்லையாம். அஷ்ரப் கருவியை நோண்டிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். இடத்தைக் குறிக்கும் டிகிரி, நிமிடக் கணக்கில், நிமிடத்துக்குப் பிறகு புள்ளி வைத்து வரும் எண்ணை இவர்கள் விநாடி என்று ஏற்றியிருக்கிறார்கள். அரைக் கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப் போய், சம்பந்தமே இல்லாத இடத்தில், யாருடையதோ தெரியாத பெட்டியில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருக்கிறார்கள்.

“அப்ப அது யாரு பெட்டி மச்சான்?”

 கருவியில் இன்னும் அந்த இடம்தான் குறியாக நின்றது. வீட்டிலிருந்து 6.8 கிலோமீட்டர்.

திங்கட்கிழமை காலையில் அலமாரியைத் துடைக்கையில் கை பட்டுக் கருவி விழித்துக்கொண்டது. 5.9 கிலோமீட்டர். சிக்னல் சரியில்லை என்று ரெஹானா நினைத்துக்கொண்டாள். செவ்வாய்க்கிழமை அவளாகவே போட்டுப் பார்த்தாள். 4.7. வாசலில் நின்று பார்த்தாள், மொட்டை மாடியில் நின்று பார்த்தாள். 4.7. சண்முகராஜ் கொடுத்த எண்களை எழுதிவைத்திருந்த தாளை எடுத்து ஒப்பிட்டாள். தாளில் இருந்தது ஒன்று, கருவியில் இருந்தது வேறொன்று. யாரும் திருத்தாமலே கருவியின் எண்கள் மாறியிருந்தன. வீடு இருந்த இடத்தில்தான் இருந்தது. பெட்டிதான் நகர்ந்துகொண்டிருந்தது.

அஷ்ரப்பிடம் காட்டினாள். கேலி செய்வான், நிம்மதியாக இருக்கும் என்று எதிர்பார்த்தாள். அவன் கேலி செய்யவில்லை. அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

“நோட்டுல எல்லா ஜோடியிலயும் ஒரு பேருதானே அடிச்சிருந்துச்சு?”

“ஆமா.”

“ஒருத்தருதேன் போறாக. இன்னொருத்தரு இருக்காக.”

 அன்று ராத்திரி அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தான்.

புதன்கிழமை மத்தியானம் கடைவீதிக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனான். மூன்று மணி நேரம் கழித்து வந்தான். செருப்பில் செம்மண் அப்பியிருந்தது. கையில் மல்லிகைப்பூவும் அல்வாவும். அம்மாவுக்குத் தெரியாமல் அவளை மாடிக்குக் கூப்பிட்டு, தானே ஊட்டிவிட்டான். கல்யாணமாகி ஐந்து வருடத்தில் இப்படி ஒரு நாள் நடந்ததில்லை. ஊட்டிக்கொண்டிருக்கும்போதே அவன் கண் கலங்கியது.

“எப்பவாச்சும் உன்னையக் கஷ்டப்படுத்தியிருந்தா மனசுல வச்சுக்கிராத ரெஹானா.”

தன்னை விட்டுவிட்டுப் போய்விடுவோமோ என்ற பயத்தில்தான் அவன் கலங்குகிறான் என்று அவள் நினைத்தாள். அந்த நிமிடமே முடிவு செய்தாள். ஒருத்தர்தான் போக வேண்டுமென்றால் அது இவனாக இருக்கக் கூடாது. அல்வா தொண்டையில் இனித்தது. பாவம், அவள் அதை நம்பினாள்.

வியாழக்கிழமை, தங்கச்சி ஃபர்ஹீனைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று மாமியாரிடம் பொய் சொல்லிவிட்டுத் தேனி பஸ் ஏறினாள். பையில் கருவியும் சுண்ணாம்பு டப்பியும். பழனிசெட்டிபட்டியில் இறங்கி, ராஜமணி என்று கேட்டாள். பெண்டாட்டியைப் பறிகொடுத்த மனுஷன், என்ன நடந்தது என்று சொல்வார் என்ற எண்ணம். ஒரு பெட்டிக்கடையைக் கை காட்டினார்கள். கல்லாவில் நாற்பது வயதில் ஒரு பெண் பாக்குப் பொட்டலங்களைச் சரம் சரமாகத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தாள்.

“பாண்டியம்மாளா? நாந்தேன். என்ன வேணும் தாயி?”

 அடித்த பெயர் எதிரே நின்று பேசிக்கொண்டிருந்தது. ரெஹானா டப்பியை எடுத்து நீட்டினாள். பாண்டியம்மாள் அதைப் பார்த்ததும் கையிலிருந்த சரத்தைக் கீழே விட்டுவிட்டாள்.

குரலைத் தாழ்த்தி எல்லாவற்றையும் அவள்தான் சொன்னாள். ஆறு வருடத்துக்கு முன்னால் அந்தத் தோட்டத்தில் இருவருமாகப் பந்தல் வேலைக்கு இருந்தார்கள். தூக்கில் நோட்டைப் பார்த்ததும் கூலி நோட்டு என்று நினைத்துப் பெயர் எழுதினார்கள். அதில் கிடந்த மெட்டியை எடுத்துக்கொண்டு, டப்பியைப் போட்டுவிட்டு வந்தார்கள். அன்றிலிருந்து தூக்கு ஒவ்வொரு நாளும் அவர்கள் தங்கியிருந்த குடிசைக்கு ஒரு தூண் கிட்டத்தில் தெரிந்தது. மெட்டியைத் திருப்பி வைத்தும் நிற்கவில்லை. தாளைக் கிழித்துப் போட்டார்கள், மறுநாள் நோட்டில் அப்படியே இருந்தது. இரண்டு பெயரையும் அடித்துப் பார்த்தார்கள், இரண்டாவது பெயரில் மை ஒட்டவே இல்லை.

“அடிச்ச பேரு சாகும்னுதேன் நானும் நெனச்சேன். புள்ளைகளுக்கு அப்பன் வேணும்னு எம் பேரை நானே அடிச்சேன். அடிச்ச பேரை அது தொடாது தாயி. அடிக்காததைத்தேன் தேடி வரும்.”

“அப்ப அவுக? உங்க வீட்டுக்காரரு?”

“எங்கயும் போகலையே. இந்தா, உள்ள உக்காந்திருக்கு.”

உக்காந்திருக்கு என்றாள், புருஷனை. கடைக்கு உள்ளே இருட்டில், பிளாஸ்டிக் நாற்காலியில், நன்றாகச் சாப்பிட்ட உடம்போடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். பாண்டியம்மாளையே பார்த்துக்கொண்டிருந்தார். ரெஹானா டப்பியைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது வாங்கிக்கொண்டார். முன்னெல்லாம் அரை மணிக்கு ஒருதரம் வெற்றிலை போடுவார், அது இல்லாமல் இருக்க மாட்டார் என்றாள் பாண்டியம்மாள். அவருக்கு அது என்னவென்றே தெரியவில்லை. மூடியைத் திறந்தார். மூடினார். திறந்தார். மூடினார். தலையைத் திருப்பியபோது எங்கோ சின்னதாக உலோகம் இடிபடும் சத்தம் கேட்டது. இடுப்பில் சாவி இருக்கும் என்று நினைத்தாள் ரெஹானா.

“எடுத்துக்கிருச்சு. ஈடா ஒண்ணை வச்சுட்டுப் போயிருச்சு” என்றாள் பாண்டியம்மாள். “ராவும் பகலும் தூங்காது. என்னையத்தேன் பாத்துக்கிட்டே இருக்கும்.”

சித்தம் கலங்கிய மனுஷன், அவரை வைத்துக் காலம் தள்ளும் பெண்டாட்டி, வேறென்ன சொல்வாள் என்று ரெஹானா அதை ஒதுக்கிவிட்டாள். அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். அடித்த பெயர் தப்பிக்கும். பஸ்ஸில் வீரபாண்டி தாண்டும்போதே பேனாவை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். அஷ்ரப்பின் பெயரை அடித்துவிட வேண்டும். தனக்கு வருவது வரட்டும். பயம் இருந்தது. ஆனாலும் அவன் ஊட்டிய கையை நினைத்தபோது ஒரு தைரியமும் இருந்தது.

உத்தமபாளையத்தில் இறங்கிக் கருவியைப் போட்டாள். 1.4 கிலோமீட்டர். அம்பு காட்டிய வழியே நடந்தாள். வெயில் இறங்கவில்லை, வயலில் ஆட்கள் இருந்தார்கள், ஒரு டிராக்டர் போயிற்று. 200 மீட்டர். 60. 12. வாய்க்கால் பாலத்துக்கு அடியில், நாணல் மறைவில், தண்ணீரை ஒட்டி இருந்தது தூக்கு. ஈரமில்லாமல். வெதுவெதுப்பாக. மயில்துத்த வாடையோடு. பாலத்துக்கு அடியில் காற்று நின்றிருந்தது.

நோட்டைத் திறந்தாள்.

அவள் பெயர் அடிக்கப்பட்டிருந்தது. பச்சை மையில். ஒரு கோடு இல்லை, நாலைந்து கோடு, தாள் கிழிகிற அளவுக்கு அழுத்தி. எழுத்து ஒன்றுகூடத் தெரியக் கூடாது என்று நினைத்தவன் அடித்த அடி. பக்கத்தில் அஷ்ரப் என்ற பெயர் சுத்தமாக இருந்தது.

செருப்பில் செம்மண். மல்லிகை. அல்வா. கலங்கிய கண்.

அடித்த பெயர் சாகும் என்று அவள்தான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தாள். அதை நம்பி, கருவியை எடுத்துக்கொண்டு அத்தனை தூரம் தேடிப்போய், அழுத்தி அழுத்தி அடித்துவிட்டுப் போய் ஊட்டியிருக்கிறான்.

பேனா அவள் கையில்தான் இருந்தது. அவன் பெயரையும் அடித்துப் பார்க்கலாம். மை ஒட்டாமல் போகலாம், ஒட்டினாலும் ஒட்டலாம். ஓடிப்போய் அவனிடம் சொல்லி எச்சரிக்கலாம். தண்ணீர் ஓடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு பேனாவைப் பையில் போட்டாள். நோட்டை உள்ளே வைத்து, அவன் சொல்லிக்கொடுத்தபடியே மூடியை அழுத்தி மூடி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் 310 மீட்டர். அம்சத் பீவி மகனுக்குக் கொடுத்துவிட முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தாள். பத்து மணிக்கு 140. அஷ்ரப் சூட்கேஸில் துணி அடுக்கினான். ரெஹானாவின் முகத்தைப் பார்க்காமலே ரெண்டு தடவை சாப்பிட்டியா என்று கேட்டான். அவள் உயிரோடு நடமாடுவது அவனை உறுத்தியது, அவளுக்குத் தெரிந்தது. பதினொன்றரைக்கு 40. தெருமுனைக் கடை. குளித்துவிட்டு வந்தான். ஜும்ஆ தொழுகைக்குக் கிளம்ப வெள்ளைச் சட்டை எடுத்தான். 22. எதிர்வீட்டுச் சுவர். வேப்பமரம் ஆடிக்கொண்டிருந்தது. நின்றுவிட்டது.

அடுப்பங்கரையில் எண்ணெய் வாடை போய்க் கசந்த வாடை வந்தது. ரெஹானா கருவியை முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். 9.

சொல்லிவிடலாமா என்று எழுந்தாள். உண்மையாகவே எழுந்தாள்.

4.

உள்ளறையில் எவர்சில்வர் மூடி திறக்கிற சத்தம்.

0.

கதவு ஒருக்களித்திருந்தது. அஷ்ரப் பீரோக் கண்ணாடிக்கு முன்னால் நின்றான். பாதி பட்டன் போட்டிருந்தான். தலை மேலே அண்ணாந்திருந்தது. வாய் திறந்திருந்தது. இன்னும் திறந்தது. அதற்கு மேல் திறக்க முடியாது என்ற இடத்தையும் தாண்டித் திறந்தது. அறையில் வேறு யாரும் இல்லை. அவன் தொண்டை புடைத்து இறங்கியது. நெஞ்சில் சட்டை அசைந்தது. உள்ளே ஏதோ கிளறியது. அவசரமே இல்லை. ஒன்றை எடுத்துப் பார்த்தது, திருப்பி வைத்தது, இன்னொன்றை எடுத்தது. அன்றைக்குப் பந்தலுக்குக் கீழே அவன் செய்த மாதிரியேதான். கண்ணாடி வழியாக அவன் கண் அவளைப் பார்த்தது. அவளுக்குத் தெரியும் என்பது அவனுக்குப் புரிந்தது. கத்த வாய் இல்லை, வாய் வேறு வேலையில் இருந்தது.

பிடித்ததை எடுத்துக்கொண்டது. கண்ணிலிருந்து அஷ்ரப் போனான்.

பிறகு ஏதோ உள்ளே வைக்கப்பட்டது. தாடை மேலே வந்தது. அழுத்தி மூடியது.

ஞாயிற்றுக்கிழமை விமானம் அவன் இல்லாமல் போயிற்று. அம்சத் பீவிக்குத் தலைகால் புரியவில்லை. தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்து ரெஹானாவிடமும் சொன்னாள்.

“இனி போகவே மாட்டானாம்ல. நான் கேட்டதுக்கு மண்டைய ஆட்டுறான். உன்னைய விட்டுக் கண்ணை எடுக்க மாட்டேங்கிறான். உனக்குத்தேன் யோகம் புள்ள.”

எடுக்கவில்லைதான். ரெஹானா சோறு வடித்தால் அடுப்பங்கரை வாசலில் உட்கார்ந்து பார்த்தது. படுத்தால் கட்டில் தலைமாட்டில் உட்கார்ந்து பார்த்தது. கை வெதுவெதுப்பாக இருந்தது, ஈரமே இல்லாமல். கருவி எந்த அறைக்குக் கொண்டுபோனாலும் 0 மீட்டர் என்றது.

இப்போது எதிரே உட்கார்ந்திருக்கிறது. வாயைத் திறக்கிறது. மூடுகிறது. திறக்கிறது. திறக்கும்போதெல்லாம் உள்ளே, நாக்குக்குப் பின்னால், தொண்டையில் இடிபட்டுச் சின்னதாகச் சத்தம் போட்டுக்கொண்டு, இரண்டு திர்ஹாம் பித்தளை ஒட்டகம் தொங்குகிறது.